கொம்பு முன்னால் நிற்கிறது

கல்வி இலாகாவின் பாரத்தில்
'காரணம்' எழுத இரண்டு கோடுதான் விட்டிருக்கிறார்கள்.
மலாயில் எழுத வேண்டும்.
இருபதாம் தேதிக்குள் சிகாமட் போய்ச் சேர வேண்டும்.

லோஷினி குளிக்காமல் தரையில் உட்கார்ந்து
அப்பாவின் பழைய டார்ச்லைட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.
மணி ஒன்பது. பள்ளியில் இந்நேரம் இரண்டாம் பாடம்.
எனக்குள் இன்னும் அந்த மணி அடிக்கிறது.
அவளுக்குள் நின்றுவிட்டது.

மூன்றாம் ஆண்டுவரை தாங்கினாள்.
மலாய்ப் பாடத்தில்
வயிற்றை முன்னே தள்ளிய எழுத்தும்
முதுகில் மூட்டை தூக்கிய எழுத்தும்
அவள் கண்ணெதிரே இடம் மாறிக்கொள்ளும்.
தமிழில் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று
எண்ணி முடிப்பதற்குள்
வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.
வாசிப்பு நாளில் விடியும்போதே வயிற்றுவலி.
டீச்சர் நல்லவர்தான்.
சிவப்பு மையை விட்டுப் பச்சையில் திருத்திப் பார்த்தார்.
பச்சையிலும் அத்தனையும் பிழையாகவே இருந்தன.

இப்போது மதியம் இரண்டு மணிக்கு
என்னோடு செம்பனை ஆலைக்கு வருகிறாள்.
எடைமேடையில் நான் கிராணி.
லோரி ஏறி நிற்கும்.
எண் திரையில் வருவதற்குள்
ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு,
"பதினொண்ணே கால் டன்" என்பாள்.
பதினொன்று முந்நூற்றுப் பத்து கிலோ.
அஸ்லான் சக்கரத்தில் தாளம் போட்டுச் சிரிப்பான்.
எப்படித் தெரியும் என்றால்
"பின் டயருக்கு வயிறு வைக்கும்மா."

"பாரு அண்ணி, உலகத்தையே படிக்கிறா"
என்றாள் என் நாத்தனார் புஷ்பராணி.
எனக்கு எரிந்தது.
பூச்சிமருந்துப் போத்தலில் மண்டையோடு வரைந்திருக்கிறது, சரி.
எத்தனை மூடி ஊற்ற வேண்டும் என்பதை
எழுத்தில்தானே போட்டிருக்கிறான்.
நாளைக்கு இவளிடம் ஒருவன் பத்திரத்தை நீட்டினால்
டயரையா பார்ப்பாள்?
இரவில் விழித்துக் கிடக்கிறேன்.
லாபிஸ் ஸ்டேஷனில் சரக்கு ரயில் கடக்கிறது.
பெட்டிகளை எண்ணுகிறேன், தவறவிடுகிறேன்.

போன ஞாயிறு
குணாளனின் லோரிப் பின்கதவில் செம்மண் தூசி.
விரலால் பெயர் எழுதினாள்.
முதலில் ல.
அப்புறம் இரட்டைக் கொம்பு.
அப்புறம் கால்.

கொம்பு முன்னால் வரணும் என்றேன்,
ஆயிரத்தோராவது தடவை.

"வாய் முதல்ல 'ல்'லைத்தானே சொல்லுது?
'ஓ' பின்னாடிதானே வருது?
சத்தமே வரல, கொம்பு ஏன் முந்திப் போய் நிக்குது?"

கோமளா என்று
முப்பது வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.
என் பெயரின் வாசலிலும் ஒரு கொம்பு நிற்கிறது.
யாரையும் நான் கேட்டதில்லை.
இருபத்தாறு நோட்டுப் புத்தகங்களில்
பிழை என்று வட்டமிட்ட இடமெல்லாம்
என் மகள்
காதில் விழுந்த வரிசையில் எழுதி வைத்திருக்கிறாள்.

தெரியல, என்றேன்.
இவள் எடுத்த முதல் பாடத்தில்
எனக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

திங்கள் காலை குணாளன் வண்டியை எடுத்தான்.
ல, கொம்பு, கால்,
செம்மண்ணில் அப்படியே
ஆலைவரை போய் வந்தது.
மழை பெய்த பிறகுதான் அழிந்தது.

பாரத்தில் இப்போதைக்கு அவள் பெயரை எழுதியிருக்கிறேன்.
மலாயில் கொம்பு கிடையாது,
எல்லாம் கேட்கிற வரிசையில்தான் நிற்கின்றன.
அதையும் நேற்று அவள் மாற்றித்தான் எழுதினாள்.

காரணம்:
இரண்டு கோடு. இன்னும் வெள்ளையாக.

வேலைக்குக் கிளம்ப நேரமாகிறது.
டார்ச்லைட் எரிகிறது.
இரண்டு திருகாணி மிச்சம்.